எழிலரசியின் மாதிரியில் நான் அடித்த வரி

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, முன்வரிசையில் மகளின் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கும் காசி ஐயா அவர்களே, கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, அடி அண்ணாமலையிலிருந்து டீக்கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் ஜோதியம்மாள் அவர்களே, ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் இராமலிங்கம். இந்தக் கல்லூரியில் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். யாராவது காலமானால் என்னைத்தான் பேச அழைப்பார்கள். இதுவரை பதினேழு இரங்கல் கூட்டங்களில் பேசிவிட்டேன். கண்ணீர் வரவழைக்கத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு என்பதை மறைப்பானேன்?

இன்று அந்தத் திறமை எனக்கு உதவாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இந்த மேடையில் சொல்ல வந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் எழிலரசி அம்மையாரைப் புகழ்ந்துவிட்டு மாலை போட்டுவிட்டுப் போனால், அந்தப் புகழ்ச்சி எனக்கே பொறுக்காது. ஆனால் முறைப்படி முதலில் அவரைப் பற்றிப் பேசுகிறேன். அது அவருக்கு உரியது.

முனைவர் எழிலரசி, கணினி அறிவியல் துறையின் இணைப் பேராசிரியர். வயது நாற்பத்தாறு. பதினோரு நாட்களுக்கு முன்னால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு வேலூரில் மூன்று நாள் போராடி, நம்மை விட்டுப் போய்விட்டார். நாற்பத்தாறு வயது போகிற வயதா? என்னைப் போல ஐம்பத்தெட்டு வயதில் மூட்டுவலித் தைலம் தேய்த்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கும்போது அவர் போவது என்ன நியாயம்? இதற்கு யாரிடமும் பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் நடத்திய விருப்பப் பாடத்தின் பெயர் நீளமானது. சிக்கலான அமைப்புகளுக்கு முகவர்வழி மாதிரி அமைத்தல். முதல் ஆண்டு அறிவிப்புப் பலகையில் இதைப் பார்த்த மாணவர்கள், இன்சூரன்ஸ் ஏஜென்ட் வேலைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நினைத்து விசாரிக்க வந்தார்கள். அம்மையார் சிரித்து முடித்துவிட்டு, "முகவர் வேணாம்ப்பா, ஆளுங்கனு வச்சிக்கலாம்" என்றாராம். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ஆட்கள்தான்.

அந்தப் பாடம் என்ன? இங்கே விவசாயிகள் இருக்கிறீர்கள், கடை நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், எளிமையாகச் சொல்கிறேன். ஒரு பெரிய கூட்டம் எப்படி நகரும், ஒரு காய்ச்சல் ஊருக்குள் எப்படிப் பரவும் என்பதை மேலே நின்று மொத்தமாகப் பார்த்து ஒரு சமன்பாடு எழுதுவது என்னைப் போன்றவர்களின் வழி. எழிலரசி கீழே இறங்கி ஒவ்வொரு ஆளிடமிருந்தும் தொடங்குவார். கணினிக்குள் ஆயிரம் ஆட்களை உண்டாக்குவார். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று சின்ன விதிகள் கொடுப்பார். பக்கத்தில் இடம் இருந்தால் நட, முன்னால் இருப்பவர் நின்றால் நில், இவ்வளவுதான். பிறகு அவர்களை ஓடவிட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார். யாரும் கட்டளையிடாமலே அங்கே வரிசை உண்டாகும், நெரிசல் உண்டாகும், சில சமயம் நெரிசல் தானாகக் கலையும்.

இதை ஆசிரியர் அறையில் உட்கார்ந்துகொண்டு பொம்மை விளையாட்டு என்று கேலி செய்தவன் நான். சுவருக்கும் காது உண்டல்லவா? மறுநாள் அவர் என் மேசைக்கு வந்தார். "சார், நாளைக்கு மூணாவது பீரியட் உங்களுக்கு ஃப்ரீதான? வாங்க, பொம்ம விளையாடலாம்" என்றார். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

போனேன். மைதானத்தில் நாற்பது பேரை வட்டமாக நடக்கவிட்டார். என்னையும் நடுவில் சேர்த்துவிட்டார். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. முன்னால் போகிறவரிடமிருந்து ஒரு கை தூரம் விட வேண்டும். அவர் நின்றால் நிற்க வேண்டும். அவர் நடந்த பிறகு மனதுக்குள் இரண்டு எண்ணிவிட்டு நடக்க வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று என் முன்னால் இருந்த மாணவன் நின்றான். நானும் நின்றேன். நடந்தான், நடந்தேன். சிறிது நேரத்தில் மறுபடி நின்றான். எனக்குப் பொறுமை கம்மி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "யாருய்யா முன்னால நிக்கறது?" என்று கத்தினேன்.

நாற்பது பேரும் சிரித்தார்கள். யாருமே நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எங்கோ ஒரு பெண் செருப்பின் வாரைச் சரிசெய்ய ஒரு நொடி நின்றிருக்கிறாள். அந்த நிற்றல் ஒருவர்மேல் ஒருவராகப் பின்னோக்கி நகர்ந்து, வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் எப்போதோ நடக்கத் தொடங்கிவிட்டாள். "யாரும் நிக்கல சார். நாம எல்லாருமா சேந்து ஒருத்தர ஒருத்தர் நிக்க வெச்சிக்கினு இருக்கோம்" என்றார் எழிலரசி. அடுத்த வாரத்திலிருந்து அந்த வகுப்பின் கடைசி பெஞ்சில் என் முழங்கால் மேசையில் இடிக்க இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதற்காக நான் உடனே மதம் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். விடாமல் வாதாடினேன். "கூட்டமும் தண்ணீரும் ஒன்றுதான் மேடம். குழாய் குறுகினால் வேகம் கூடும், அடைத்தால் தேங்கும். எனக்கு ஒரே ஒரு சமன்பாடு போதும், உங்களுக்கு எதற்கு ஆயிரம் ஆள்?" என்று கேட்டேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "தண்ணி யாரையும் தேடாது சார்" என்றார். அதற்கு மேல் விளக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான் சரியாகக் காதில் வாங்கியிருந்தால் இன்று இந்தப் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும்.

காசி ஐயா, உங்களைப் பற்றியும் அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அவருடைய முதல் மாதிரி கீழ்பென்னாத்தூரில் உங்கள் தெருதான். அறுபது விவசாயிகள். ஒவ்வொருவரும் இரண்டு பக்கத்து நிலத்தையும் போன வருஷத்து விலையையும் பார்ப்பார். பார்த்துவிட்டு நெல்லா வேர்க்கடலையா என்று முடிவு செய்வார். ஓடவிட்டால் ஒரு வருஷம் தெரு முழுக்க வேர்க்கடலை, மறுவருஷம் தெரு முழுக்க நெல். விலை இரண்டிலும் விழும். கணினித் திரையை உங்களிடம் காட்டியபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் ஐயா? "இத்தக் கண்டுபுடிக்க மிஷினு வேணுமாம்மா? நான்தான் வருஷாவருஷம் பாக்கறனே" என்றீர்களாம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க பாக்கறது நடக்கறதப்பா. எத்தினி பேரு பக்கத்து நெலத்தப் பாக்காம வெதச்சா இது நடக்காதுனு நான் தேடறேன்" என்றாராம். ஏழு பேர் என்று விடை வந்தது. அறுபதில் ஏழு பேர் சுயமாக யோசித்தால் அந்த மாதிரியில் தெரு தப்பித்தது. "ஊரத் திருத்த ஊர் மொத்தமும் தேவையில்ல சார், அந்த மட்டும் எனக்குத் தைரியம்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் கற்பித்த விதத்தில் ஒன்றை நான் வேறு எந்த ஆசிரியரிடமும் பார்த்ததில்லை. மாணவர் ஒரு மாதிரியைச் செய்து கொண்டுவந்து, நன்றாக ஓடுகிறது மேடம் என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். "எங்க தப்பாவுதுனு காட்டு, அப்பறம் மார்க் போடறேன்" என்பார். தப்பு கண்டுபிடித்துக்கொண்டு வருகிறவருக்கு மதிப்பெண் ஜாஸ்தி. நான் முப்பது வருஷமாகச் சரியான விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டவன். அந்தப் பழக்கம் சுலபத்தில் போகுமா?

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் கிரிவலப் பாதையில் பக்தர்களுக்குத் தண்ணீர் கொடுத்து வழிகாட்டும் ஒரு தன்னார்வக் குழுவினர் நம் கல்லூரிக்கு வந்தார்கள். அடி அண்ணாமலை பக்கம் கடைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், நடப்பவர்களையும் கடைக்குப் போகிறவர்களையும் பிரிக்க இருநூறு மீட்டருக்குக் கட்டைத் தடுப்பு போட்டால் நல்லதா என்று கேட்டார்கள். எழிலரசி அதை வகுப்பு வேலையாகவே எடுத்துக்கொண்டார். எட்டு மாணவர்கள், அவர், கூட நான். கணினிக்குள் ஒரு சிறிய மலை, ஒரு பாதை, பத்தாயிரம் ஆட்கள். மலையை வலப்பக்கம் வைத்து, பாதையின் இடப்பக்கமாக அவர்கள் நடந்தார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். முப்பது வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் சுற்றுகிறவன் நான், திரையில் என்னையே தேடியிருக்கிறேன்.

அந்த எட்டு மாணவர்களில் ஒருவர் கவிநிலா. ஜோதியம்மாளின் மகள். பாதையை ஒட்டியே வீடு, வீட்டை ஒட்டியே டீக்கடை. ஆட்களின் விதிகளைத் தாளில் எழுதி என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். எழிலரசி அன்று வேறு கூட்டத்தில் இருந்தார். விதிகளில் ஐந்தாவது வரி: நூற்றில் சிலர் பாதி வழியில் திரும்பி எதிர்த்திசையில் நடப்பார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "கிரிவலத்துல பாதியில திரும்பக் கூடாதும்மா, இது கூடவா உனக்குத் தெரியாது?" என்று கேட்டேன்.

"தெரியும் சார். ஆனா திரும்பறாங்களே. புள்ளயக் காணோம்னு வராங்க, செல்போன வுட்டுட்டோம்னு வராங்க, பாத்ரூம் தேடிக்கினு வராங்க. எங்க கட வாசல்லயே பாக்கறேன் சார்."

"முப்பது வருஷமா சுத்தறேன். நான் ஒருத்தரக்கூட பாத்தது கெடையாது."

"நீங்க முன்னால பாத்துக்கினு போயிருப்பீங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

அது எதிர்ப்பேச்சு என்று எனக்குப் பட்டது. சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்தாவது வரியை அடித்தேன். பக்கத்தில் 'வழக்கத்துக்கு மாறானது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கவிநிலா தாளை வாங்கிக்கொண்டு போனாள். பேராசிரியர் அடித்த பிறகு இருபத்திரண்டு வயதுப் பெண் என்ன பேசுவாள்? மாலையில் எழிலரசி தாளைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு சார் அடிச்சிருக்கு?" என்று கேட்டார். "நம்ம ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா மேடம்?" என்றேன். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான், சின்ன வயதிலிருந்து அந்த மலையை வலம் வந்தவர்தான். "ம், சரிதான்" என்றார்.

நண்பர்களே, வெளியூர்க்காரன் ஒருவன் இந்த மாதிரியைச் செய்திருந்தால் அந்த வரியை வைத்திருப்பான். அவனுக்கு இது ஒரு சாலை, அதில் மனிதர்கள் இப்படியும் போவார்கள், அப்படியும் போவார்கள். பக்தியோடு சுற்றுகிற நமக்குத்தான் அந்தப் பிழை வரும். திரும்பக் கூடாது என்பதை, திரும்ப மாட்டார்கள் என்று எழுதினேன். கூடாதது நடக்காது என்று நினைத்தவன், கணிதம் படித்த நான்.

வரியை நீக்கிவிட்டு இருநூறு முறை ஓட்டினோம். தடுப்பு போட்டால் நடை வேகமானது. ஒரு முறை கூட நெரிசல் வரவில்லை. நான் மாணவர்களுக்கு போண்டா வாங்கிக் கொடுத்தேன். எழிலரசி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு தடவகூட தப்பாகலயேனுதான் சார் பயமா இருக்குது" என்றார். "நல்லா வந்தா சந்தோஷப்படக் கத்துக்குங்க மேடம்" என்று நான் சொன்னேன். அறிக்கை போனது. தடுப்பு போட்டார்கள்.

மறு ஆண்டு சித்திரைப் பௌர்ணமி. மாலை ஆறு மணி, வெளிச்சம் இருக்கும்போதே. ராணியம்மாள் என்ற ஐம்பது வயதுப் பெண், போளூர் பக்கத்திலிருந்து கணவருடன் வந்தவர், தடுப்புக்குள் நடந்துகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் கணவரைக் காணவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய், காலையிலிருந்து சாப்பிடவில்லை. ராணியம்மாள் திரும்பி நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் ஒதுங்கப் பார்த்தார்கள், ஒதுங்க இடம் இல்லை, ஒரு பக்கம் கட்டை. சில நிமிடம்தான். ஆறு பேர் விழுந்தார்கள். ஐந்து பேர் சிராய்ப்போடு எழுந்துகொண்டார்கள். ராணியம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கணவர் ஐம்பதடி பின்னால் ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் குழுவின் கூட்டம். நானும் எழிலரசியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். ஆட்கள் திரும்புவது பற்றி உங்கள் மாதிரியில் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் எழிலரசி எழுந்து, "மாதிரி என்னோடது. சரினு கையெழுத்துப் போட்டவ நான். தப்பு என்னோடது" என்றார். வாய் திறப்பதற்குள் என்றேன், அதுவும் பொய். எனக்குப் போதுமான நேரம் இருந்தது. அவர் பேசி முடித்த பிறகும் கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தது. நான் பேசவில்லை.

பத்திரிகையில் அவர் படத்தோடு செய்தி வந்தது. கணினியை நம்பி மோசம் போனதாக எழுதினார்கள். அவருக்கு வர வேண்டிய துறைத் தலைமை வரவில்லை. முப்பது பேர் சேர்ந்த பாடத்தில் அடுத்த ஆண்டு பதினொரு பேர். அவருக்குப் பின்னால் சிரித்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உண்மை தெரியாது. ஆசிரியர் அறையில் அது தெரிந்தவன் நான் ஒருவன். அவர்கள் சிரித்தபோது நான் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு முறை அவரிடம் கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. "அடிச்சது நீங்க சார். ஏன் அடிச்சீங்கனு தோண்டி விசாரிக்காம வுட்டது நான். என் தப்ப நான் சொன்னேன். உங்கள்து உங்களுக்குத்தான சொல்ல முடியும்?" என்றார். குரலில் குத்தல் இல்லை. என்னைத் தப்பவிடவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் தெரியுமா? நானாக இருந்தால் அந்தப் பாடத்தையே மறந்திருப்பேன். அவர் மருத்துவமனைக்குப் போய் ராணியம்மாளின் கட்டிலருகே உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு, எதற்காகத் திரும்பினீர்கள், எவ்வளவு தூரம் வந்த பிறகு கணவரைக் காணோம் என்று தெரிந்தது, திரும்பும்போது எந்தப் பக்கமாக ஒதுங்கினீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அதன் பிறகு ஒன்பது பௌர்ணமிகள், மாலை நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை, ஜோதியம்மாள் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரும்புகிறவர்களை எண்ணினார். கூடவே கவிநிலா. ஆயிரம் பேருக்குப் பதினான்கு பேர் திரும்புகிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் யாரையோ தேடிப் போகிறவர்கள். எண்ணிய பிறகு மாதிரியைத் திருத்தினார். தடுப்பில் நாற்பது மீட்டருக்கு ஒரு திறப்பு விட்டால் அந்தப் பதினான்கு பேரும் யாரையும் இடிக்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்த அறிக்கையை எழுதி முடித்து மேசை மேல் வைத்துவிட்டுத்தான் அவர் போயிருக்கிறார். இந்த மாதம் அனுப்ப இருந்தார். கவிநிலா கொண்டுபோய்க் கொடுத்தார்; ஒரு முறை தவறியவர்களின் அறிக்கையை எப்படி ஏற்பது என்று அந்தத் தன்னார்வக் குழுவினர் இப்போது தயங்குகிறார்கள்.

முதல்வர் அவர்களே, அடுத்த பருவத்தில் இந்தப் பாடத்தை நிறுத்திவிடலாம் என்ற யோசனை தங்கள் மேசையில் இருப்பது எனக்குத் தெரியும். நடத்த ஆள் இல்லை, சேர மாணவர் இல்லை, ஏற்கெனவே ஒரு கெட்ட பெயர். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் தாங்கள் முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். அந்தப் பாடம் தவறவில்லை. சரியான வரி அதற்குள் இருந்தது. ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதை அடித்தவன் இராமலிங்கம். இதைக் கையெழுத்திட்ட கடிதமாக இன்று காலை தங்கள் அலுவலகத்திலும் அந்தக் குழுவிடமும் கொடுத்துவிட்டேன். அடித்த தாளின் நகலையும் இணைத்திருக்கிறேன். எழிலரசி அதைக் கிழித்துப்போடவில்லை, கோப்பில் வைத்திருந்தார்.

முந்தாநாள் ராணியம்மாளைப் பார்க்கப் போனேன். இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாக. கைத்தடி ஊன்றி நடக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், உண்மையைச் சொல்லப்போனால், திட்டினால் நன்றாயிருக்கும் என்று கூட நினைத்தேன். அவர் எனக்கு மோர் கொடுத்தார். "அந்தம்மா மாசாமாசம் வந்து குந்திக்கினு போவும் சார். ஒரு நாளும் உங்க பேர எடுத்ததில்ல" என்றார். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "அது இருக்கும்போதே நீங்க சொல்லியிருக்கலாம்" என்றார். 

ஆமாம். சொல்லியிருக்கலாம். எழுநூறு நாட்களுக்கு மேல் இருந்தது. அவர் தலைகுனிந்து ஆசிரியர் அறைக்குள் வந்த ஒவ்வொரு காலையிலும் சொல்லியிருக்கலாம். துறைத் தலைமையை வேறொருவருக்குக் கொடுத்த அன்று, நானும் உட்கார்ந்திருந்த அந்தத் தேர்வுக் குழுவில் சொல்லியிருக்கலாம். வேலூர் மருத்துவமனையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அன்று கூட, அவர் காதில் விழாது என்று தெரிந்தாலும், உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். காசி ஐயா, உங்கள் மகள் சுமந்தது என்னுடையது. என்னை மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் மன்னிக்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

இத்தகைய கூட்டங்களில் கடைசியில் ஓர் உறுதி எடுத்துக்கொள்வது வழக்கம். மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று பதினேழு முறை சொல்லியிருக்கிறேன், பதினேழு முறையும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன். இந்த முறை என்னால் முடிந்ததை மட்டும் சொல்கிறேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. என் பாடவேளை போக மிச்ச நேரம் முழுவதும் அந்த ஆய்வகத்துக்கு. ஒவ்வொரு பௌர்ணமியும் மாலை நாலு மணிக்கு ஜோதியம்மாள் கடை வாசலில் எண்ணும் வேலை என்னுடையது. முப்பது வருஷம் முன்னால் பார்த்துக்கொண்டு நடந்தாயிற்று. நடத்துவதற்கு ஆள் இல்லை என்பது சரியல்ல. கௌரவ விரிவுரையாளராக இங்கேயே வேலை செய்யும் கவிநிலா இருக்கிறார். அந்தப் பாடம் அவரைவிட யாருக்கும் தெரியாது. அவர் நடத்தட்டும், கடைசி பெஞ்சில் நான் உட்காருகிறேன். மாணவர் கணக்கில் பன்னிரண்டாவது ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் என் பேச்சுக்குப் பிறகு எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. முதல்வர் அவர்கள் பொறுத்தருள வேண்டும், அதை நடத்தி வைக்க என்னால் ஆகாது. அந்த அம்மையாருக்காக நான் இரண்டு ஆண்டுகள் மௌனமாக இருந்துவிட்டேன். அதற்கு மேல் ஒரு நிமிடம் கூட என்னிடம் இல்லை.

மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் கவிநிலா. அவரிடம் நான் அன்று கேட்டு முடிக்காத ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.

எழுந்து வாம்மா. இந்த மைக் கொஞ்சம் உயரமாக இருக்கும், இறக்கி வைத்துவிட்டுப் போகிறேன்.